எஸ். இரத்தினவேல் பாண்டியன்

எஸ். இரத்தினவேல் பாண்டியன் (மார்ச் 13, 1929 – பெப்ரவரி 28, 2018) இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகப் பணியாற்றிய தமிழர் ஆவார். திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் இவரது சொந்த ஊர். 1974 முதல் 1988 வரை சென்னை உயர் நீதிமன்றத்திலும், 1988 திசம்பர் 14 முதல் 1994 மார்ச் 12 வரை உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தார். பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணிகளில் 27 விழுக்காடு இட ஒதுக்கீட்டை ஏற்ற மண்டல் வழக்கு, நீதிபதிகளை நியமிக்கும் முறையை மாற்றிய வழக்கு, மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பொம்மை வழக்கு, தடாச் சட்டத்தின் செல்லுபடி குறித்த வழக்கு ஆகிய நான்கிலும் தீர்ப்பளித்த அமர்வுகளில் இவர் இடம்பெற்றிருந்தார். ஓய்வுக்குப் பின் ஐந்தாவது மத்திய ஊதியக் குழுவின் தலைவரானார். இவரது மகன் ஆர். சுப்பையாவும் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்.

ஊர்

பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி, பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி ஆகிய ஊர்களைத் தாண்டி வரும் வழியில் கடனா நதி அதனோடு கலக்கிறது. அந்தக் கூடல் அருகே அமைந்த சிற்றூரே திருப்புடைமருதூர். மருத மரங்களால் பெயர் பெற்ற இவ்வூரில் நாறும்பூநாதர் கோயில் உள்ளது. இக்கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் உள்ள மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் நாயக்கர் காலக் கலையைப் பயில்வோர் தேடிவந்து பார்ப்பவை. ஆற்றங்கரை மரங்களில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை ஊர்மக்களே காத்து வந்தனர். இதனால் 2005 ஆம் ஆண்டில் இவ்வூர் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

நெல் வயல்களையும் ஆற்று நீரையும் நம்பிய இத்தகைய ஊர்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்லூரிக் கல்வி எட்டியவர் மிகச் சிலரே. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருள் அந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. பின்னாளில் பாண்டியன் எழுதிய தீர்ப்புகளில் இந்தப் பின்னணியின் தடம் உண்டு.

கல்வியும் வழக்கறிஞர் தொழிலும்

பாண்டியன் அம்பாசமுத்திரம் தீர்த்தபதி உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னர் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை சட்டக் கல்லூரியில் சட்டம் பயின்று, 1954 இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். சென்னையில் தொழில் பயின்றபின் திருநெல்வேலிக்குத் திரும்பி, அங்குள்ள நீதிமன்றங்களில், பெரும்பாலும் குற்றவியல் வழக்குகளில் வாதாடினார். 1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு அமர்வு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததால் நாடெங்கும் அறியப்பட்ட நீதிமன்ற ஊர் அது.

திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்த பாண்டியன், அக்கட்சியின் திருநெல்வேலி மாவட்டச் செயலாளராகவும் பொறுப்பு வகித்தார். 1967 இல் தி. மு. க. ஆட்சிக்கு வந்தது. 1971 இல் பாண்டியன் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசின் தலைமைக் குற்றத்துறை வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். பின்னாளில் அரசியல் தலைவராகிய வைகோ, வழக்கறிஞர் தொழிலில் இவரிடம் இளையவராகப் பணியாற்றியவர்.

ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளராக இருந்தவர் நீதிபதியாவது இந்தியாவில் புதிதன்று. கேரளத்தில் கம்யூனிஸ்டு ஆதரவுடன் அமைச்சராக இருந்த வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1973 இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். எனினும் இத்தகைய நியமனங்கள் அக்காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாகாமல் இருந்ததில்லை.

உயர் நீதிமன்றத்தில்

1974 பெப்ரவரியில் பாண்டியன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்போது அவருக்கு வயது 44. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அந்தக் காலத்திலேயே, 1976 சனவரி 31 அன்று, தமிழ்நாட்டின் தி. மு. க. அரசு அரசியலமைப்பின் 356 ஆம் பிரிவின்படி கலைக்கப்பட்டது. 18 ஆண்டுகளுக்குப் பின் அதே பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்துக்கு அவர் வந்தார்.

பஜன்லால் வழக்கு

உச்ச நீதிமன்றத்தில் பாண்டியன் எழுதிய தீர்ப்புகளுள் இந்திய நீதிமன்றங்களில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது "அரியானா மாநிலம் எதிர் பஜன்லால்" (நவம்பர் 21, 1990) ஆகும். சட்டக் கல்லூரி மாணவர் எவரும் இதைப் படிக்காமல் குற்றவியல் நடைமுறைப் பாடத்தைக் கடக்க முடியாது.

அரியானாவின் முதலமைச்சராக இருந்த பஜன்லால், பின்னர் மத்திய அமைச்சரானார். அவர் பதவியைப் பயன்படுத்தி வருமானத்துக்கு மிஞ்சிய சொத்துச் சேர்த்தார் என்று 1987 இல் ஒருவர் அப்போதைய முதலமைச்சர் தேவிலாலிடம் புகார் கொடுத்தார். புகார் முதலமைச்சர் அலுவலகத்திலிருந்து காவல்துறைத் தலைவருக்கும், அவரிடமிருந்து மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் சென்றது. கண்காணிப்பாளர் வழக்குப் பதிவு செய்யச் சொல்லி நிலையப் பொறுப்பாளருக்கு அனுப்பினார். அரசியல் எதிரியின் ஆட்சியில் பதிவான வழக்கு என்பதால், பஜன்லால் உயர் நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை நீக்கியது. அரியானா அரசு மேல்முறையீடு செய்தது.

நீதிபதிகள் பாண்டியன், கே. ஜெயச்சந்திர ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் அதைப் பதிவு செய்வது காவல்துறையின் கடமை. தகவல் நம்பத்தக்கதா என்று ஆராய்வது பிறகு வரும் வேலை என்று பாண்டியன் எழுதினார். அப்படியானால் பொய்ப் புகாரில் சிக்கியவருக்கு என்ன வழி? இதற்கு விடையாக, நீதிமன்றம் தலையிட்டு வழக்கை முளையிலேயே நீக்கத்தக்க ஏழு சூழல்களை அவர் வகுத்துக் கொடுத்தார். புகாரில் உள்ளவை அனைத்தும் உண்மை என்று கொண்டாலும் அதில் குற்றமே இல்லாதிருத்தல், அறிவுள்ள எவரும் நம்ப முடியாத அளவுக்குப் புகார் அபத்தமாக இருத்தல், சட்டமே அந்த வழக்கைத் தடை செய்திருத்தல், பழிவாங்கும் உள்நோக்கத்துடன் வழக்குத் தொடுக்கப்பட்டிருத்தல் ஆகியவை அவற்றுள் சில. இப்பட்டியல் முடிந்த முடிபன்று என்றும், இந்த அதிகாரத்தை மிக அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் சேர்த்தே சொன்னார்.

பஜன்லால் தரப்புக்கும் இத்தீர்ப்பில் ஒரு பலன் கிடைத்தது. ஊழல் வழக்குகளைக் குறிப்பிட்ட தகுதிநிலைக்கு மேற்பட்ட அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். கீழ்நிலை அதிகாரி செய்வதானால் அதற்குரிய அனுமதி வேண்டும். இங்கே நிலையப் பொறுப்பாளருக்கு அத்தகைய அனுமதி முறைப்படி தரப்படவில்லை. ஆகவே முதல் தகவல் அறிக்கை நிலைத்தது; அதன்மேல் நடந்த புலனாய்வு நீக்கப்பட்டது. வேண்டுமானால் அரசு முறைப்படி புதிதாகப் புலனாய்வு செய்யலாம் என்று அமர்வு விட்டுவிட்டது.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 சூலை 1 முதல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டபோதும், உயர் நீதிமன்றங்களின் இந்த அதிகாரம் புதிய சட்டத்தில் 528 ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஏழு சூழல்களின் பட்டியலும் உடன் தொடர்கிறது.

இதே ஆண்டில், கட்டாயப் பாலியல் தொழிலில் தள்ளப்படும் சிறுமியரையும், தேவதாசி, ஜோகினி முறைகளையும் பற்றிய பொதுநல வழக்கில் (விஷால் ஜீத் வழக்கு, 1990) மாநிலங்களும் மத்திய அரசும் ஆலோசனைக் குழுக்களை அமைத்து மறுவாழ்வுத் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று பாண்டியன் அமர்வு பணித்தது. போஃபர்ஸ் விவகாரத்திலிருந்து எழுந்த ஜனதா தளம் வழக்கில் (1992), யார் பொதுநல வழக்குத் தொடுக்கலாம் என்பதற்கு விரிவான விளக்கம் அளித்தார். தொடர்பற்றவர் குற்ற வழக்கில் நுழைவதற்கு அவ்வழி திறந்ததன்று என்பது அதன் சாரம்.

மண்டல் வழக்கு

மண்டல் குழு 1980 இல் அறிக்கை அளித்தது. பத்தாண்டுகள் உறங்கிய அந்த அறிக்கையைச் செயற்படுத்தி, மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கி 1990 ஆகத்து 13 அன்று வி. பி. சிங் அரசு ஆணையிட்டது. வட இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1991 செப்டம்பரில் நரசிம்ம ராவ் அரசு, வேறு எந்த ஒதுக்கீட்டிலும் வராத ஏழைகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்குவதையும் சேர்த்தது. இரண்டையும் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தது. 1992 நவம்பர் 16 அன்று வந்த தீர்ப்பில் ஆறு நீதிபதிகள் 27 விழுக்காட்டை ஏற்றனர், மூவர் மறுத்தனர். 10 விழுக்காடு செல்லாதென்று நீக்கப்பட்டது. (பொருளாதார அடிப்படையிலான 10 விழுக்காடு 2019 இல் அரசியலமைப்புத் திருத்தம் வழியே மீண்டும் வந்து, 2022 இல் 3–2 என்ற கணக்கில் ஏற்கப்பட்டது.)

ஏற்ற அறுவருள் ஒருவரான பாண்டியன் தனித் தீர்ப்பு எழுதினார். அதில் ஒரு கேள்வியில் அவர் மற்ற எண்மரிடமிருந்தும் விலகி நின்றார். பிற்படுத்தப்பட்டோருள் முன்னேறிவிட்ட குடும்பங்களை, அதாவது "கிரீமி லேயர்" எனப்படுவோரை, ஒதுக்கீட்டிலிருந்து விலக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. மற்றவர்கள் விலக்கலாம் என்ற பக்கம் நின்றனர். மத்தியப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தொடங்கவே இல்லாத நிலையில் அதன் பயனை அனுபவித்து முன்னேறியவர் என்று எவரையும் பிரித்தெடுப்பது காலத்துக்கு முந்திய செயல் என்பது பாண்டியனின் வாதமாக அமைந்தது. பின்தங்கிய நிலை என்பது தனி ஆளின் வருமானத்தைப் பற்றியது மட்டுமன்று, ஒரு வகுப்பின் சமூக நிலையைப் பற்றியது என்ற பார்வையும் அதில் இருந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பே சட்டமாயிற்று. மத்திய அரசுப் பணிகளில் கிரீமி லேயர் விலக்கு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு தன் மாநிலப் பணிகளில் அவ்விலக்கை ஏற்கவில்லை. மொத்த ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற பெரும்பான்மைக் கருத்தால் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுக்கு இடர் வந்தபோது, மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 1994 இல் 76 ஆவது திருத்தத்தால் அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது யார்?

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் தலைமை நீதிபதியுடன் "கலந்தாலோசித்து" நியமிப்பார் என்கிறது அரசியலமைப்பு. ஆலோசனையில் கருத்து வேறுபட்டால் யார் சொல் நிற்கும் என்பதை அது சொல்லவில்லை. 1981 இல் உச்ச நீதிமன்றம் அரசின் சொல்லே நிற்கும் என்றது. 1993 அக்டோபர் 6 அன்று பாண்டியன் தலைமையில் அமர்ந்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஏழு பேர் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றனர். இதிலிருந்து பிறந்ததே மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர்களைத் தேர்ந்து அனுப்பும் "கொலீஜியம்" முறை. 2014 இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாக ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. 2015 இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று நீக்க, கொலீஜியமே நிலைபெற்றது.

பாண்டியன் முதன்மைக் கேள்வியில் பெரும்பான்மையோடு சேர்ந்தார். ஆனால் அவரது தனித் தீர்ப்பின் கணிசமான பகுதி வேறொன்றைப் பேசுகிறது: நீதிபதிகளாக வருபவர் யார்? உயர் நீதிமன்றங்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் எத்தனை பேர் என்ற விவரத்தை எடுத்துவைத்து, அவர்கள் மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டினார். நீதித்துறை சிலரின் வட்டத்துக்குள்ளேயே சுழலுமானால் அது மக்கள் அனைவருக்குமான குடியாட்சிக்குப் பொருந்தாது என்றார். தகுதியைத் தளர்த்தச் சொல்லவில்லை; எல்லாப் பிரிவிலும் தகுதியானவர் உண்டு, அவர்களைத் தேடும் கடமை நியமிப்பவர்க்கு உண்டு என்பதே அவர் நிலை.

அமர்வின் முடிவு உடனே செயலாயிற்று. இந்தப் பகுதி தீர்ப்புத் தொகுப்பில் தங்கிவிட்டது. 2018 முதல் 2022 முடிய உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் 79 விழுக்காட்டினர் பொதுப் பிரிவினர் என்றும், பிற்படுத்தப்பட்டோர் 11 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோர் 2.8 விழுக்காடு, பழங்குடியினர் 1.3 விழுக்காடு என்றும் சட்ட அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தது. பாண்டியன் கவலையை எழுதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த நிலை இது.

1994 மார்ச் 11

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதில் ஓய்வு பெறுவர். பாண்டியனின் கடைசி நாள் 1994 மார்ச் 12, சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாளில் அவர் பங்குபெற்ற இரண்டு அரசியலமைப்பு அமர்வுகளின் தீர்ப்புகள் ஒருசேர வெளிவந்தன. ஒன்று அரசின் அதிகாரத்தைக் குறுக்கியது, மற்றொன்று விரித்தது.

முதலாவது, எஸ். ஆர். பொம்மை வழக்கு. 1989 ஏப்பிரலில் கர்நாடகத்தில் பொம்மை அமைச்சரவை கலைக்கப்பட்டதிலிருந்து எழுந்தது இது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பது சட்டமன்றத்தில் முடிவாக வேண்டும். ஆளுநர் மாளிகையில் அன்று. 356 ஆம் பிரிவின்படியான ஆணையை நீதிமன்றம் ஆராயலாம். ஒன்பது நீதிபதிகள் அமர்வு வகுத்த இந்த நெறிகளோடு பாண்டியன் சுருக்கமான தனிக் குறிப்பு வழியே உடன்பட்டு, அப்பிரிவை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்றார். 1976 இலும் 1991 இலும் இப்பிரிவால் அரசை இழந்த தமிழ்நாட்டில் இத்தீர்ப்பு தனி மதிப்புப் பெற்றது.

இரண்டாவது, கர்த்தார் சிங் வழக்கு. ஐந்து நீதிபதிகள் அமர்வின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பாண்டியன். 1985 இல் முதலில் இயற்றப்பட்டு, 1987 இல் மீண்டும் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான "தடா" செல்லுமா என்பது வழக்கு. மையமான சிக்கல் அதன் 15 ஆம் பிரிவு. காவல்துறை அதிகாரியிடம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கெதிரான சான்றாகாது என்பது இந்தியச் சான்றுச் சட்டத்தின் பழைய விதி. அவ்விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையினரும் காவலரும் மக்களைச் சித்திரவதை செய்ததை விசாரித்த ஆணையம் 1855 இல் அறிக்கை வெளியிட்டது. 1861 இல் இந்தத் தடை சட்டமாகி, 1872 இல் சான்றுச் சட்டத்தில் இடம்பெற்றது. தடாவின் 15 ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் சான்றாகும் என்று அத்தடையை விலக்கியது.

பாண்டியனும் வேறு இருவரும் 15 ஆம் பிரிவு செல்லும் என்றனர். நீதிபதிகள் கே. இராமசாமி, ஆர். எம். சகாய் ஆகியோர் செல்லாது என்றனர். பயங்கரவாதத்தின் கடுமையைக் கருதி நாடாளுமன்றம் வேறுபட்ட நடைமுறையை வகுக்கலாம் என்பது பெரும்பான்மையின் அடிப்படை. ஆயினும் பாண்டியன் சில காப்புகளை விதித்தார். வாக்குமூலம் அச்சமற்ற சூழலில், கொடுப்பவர் பேசும் மொழியிலேயே பதிவாக வேண்டும். அவரைக் காலந்தாழ்த்தாமல் தலைமை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். துன்புறுத்தப்பட்டதாக அவர் சொன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பேச மறுக்கும் உரிமையை மதிக்க வேண்டும். இவை நெறிகளாகச் சொல்லப்பட்டன. மீறினால் வாக்குமூலம் தானாகவே செல்லாதாகும் என்று சொல்லப்படவில்லை. அவரது தீர்ப்பின் மிகப் பலவீனமான இடம் இதுவே.

தடாவில் 76,000 பேருக்கு மேல் சிறைப்பட்டனர். தண்டனை பெற்றவர் மிகச் சிலர். 1995 மே மாதம் சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. ஆனால் அதன்படி பதிவான வாக்குமூலங்கள் காலாவதியாகவில்லை. இராசீவ் காந்தி கொலை வழக்கில் 1998 சனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இக்கொலை தடாச் சட்டத்தின் கீழ் வரும் குற்றமன்று என்று கூறி 19 பேரை விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் அளித்தபோது, 15 ஆம் பிரிவின்படி பதிவான வாக்குமூலங்களையே பெரிதும் சார்ந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, அதன் ஒரு பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக ஓய்வுக்குப் பின் 2013 இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார்.

2002 இல் வந்த பொடாச் சட்டமும் காவல் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. 2003 திசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றபோது கர்த்தார் சிங் தீர்ப்பையே முன்னுதாரணமாகக் கொண்டது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவர், பொடாவில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்த வைகோ, பாண்டியனிடம் தொழில் பயின்ற அதே இளையவர். தடை செய்யப்பட்ட அமைப்புக்கு வெறும் வாய்மொழி ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்ற விளக்கம் அவ்வழக்கில் கிடைத்தது.

ஊதியக் குழுவும் விசாரணை ஆணையமும்

ஓய்வு பெற்ற அடுத்த மாதமே, 1994 ஏப்பிரல் 9 அன்று, ஐந்தாவது மத்திய ஊதியக் குழு பாண்டியன் தலைமையில் அமைந்தது. பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர் இதன் உறுப்பினர்களுள் ஒருவர். 1997 சனவரி 30 அன்று அறிக்கை அளிக்கப்பட்டது. 51 ஊதிய விகிதங்களை 34 ஆகக் குறைத்தல், ஓய்வு வயதை 60 ஆக்குதல், பத்தாண்டுகளில் பணியாளர் எண்ணிக்கையை 30 விழுக்காடு குறைத்தல் ஆகியவை பரிந்துரைகளுள் அடங்கும். அரசு ஊதிய உயர்வை ஏற்றது. தொழிற்சங்கங்களின் வற்புறுத்தலால் குழு சொன்னதற்கும் மேலாகவே கொடுத்தது. ஆட்குறைப்பைத் தொடவில்லை. மாநிலங்களும் பின்தொடர்ந்து ஊதியத்தை உயர்த்தியதால் பல மாநிலங்களின் நிதிநிலை தடுமாறியது. இதற்காகக் குழுவைக் குறை கூறுவோர், அதன் பரிந்துரைகளில் பாதி மட்டுமே நிறைவேறியதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2000 ஆம் ஆண்டில் சம்மு காசுமீர் அரசு இவரை ஒரு விசாரணை ஆணையத்துக்கு அழைத்தது. அவ்வாண்டு மார்ச்சு 20 அன்று சிட்டிசிங்புரா சிற்றூரில் சீக்கியர் பலர் கொல்லப்பட்டனர். ஐந்து நாள் கழித்துப் பத்ரிபல் என்னுமிடத்தில் ஐவர் சுடப்பட்டு, வெளிநாட்டுத் தீவிரவாதிகள் எனப்பட்டனர். அவர்கள் தம் ஊரார் என்றும், உடல்களைத் தோண்டியெடுக்க வேண்டும் என்றும் கோரி ஏப்பிரல் 3 அன்று ஊர்வலமாக வந்தவர்கள்மீது பராக்போராவில் துப்பாக்கிச்சூடு நடந்து பலர் இறந்தனர். இத்துப்பாக்கிச்சூட்டையே பாண்டியன் ஆணையம் விசாரித்தது. அக்டோபரில் அளித்த அறிக்கை, மத்திய சேமக் காவல் படையினரையும் மாநிலக் காவல்துறையின் சிறப்புப் பிரிவினரையும் பொறுப்பாளிகள் ஆக்கியது. ஆறாண்டுகளுக்கு முன் காவல் அதிகாரியின் பதிவேட்டை நம்பலாம் என்று எழுதிய நீதிபதி, இங்கே சீருடையினரின் கூற்றை ஏற்காமல் ஊர்மக்களின் சாட்சியத்தை ஏற்றார்.

குடும்பம்

பாண்டியனின் மகன் ஆர். சுப்பையா தந்தையின் வழியில் வழக்கறிஞராகி, 2008 இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். தந்தை தலைமையேற்ற அமர்வு 1993 இல் வகுத்த முறைப்படியே மகனின் பெயர் தேர்வானது. தந்தையோ, அரசின் சொல்லுக்கே மேலோங்கிய செல்வாக்கு இருந்த பழைய முறையில் வந்தவர். நீதிபதிகளின் மக்கள் நீதிபதிகளாவது இந்திய உயர் நீதிமன்றங்களில் அரிதான செய்தியன்று. கொலீஜியத்தைக் குறை கூறுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்தியும் அது. அத்தகைய குடும்பங்களுள் பெரும்பாலானவை தலைமுறைகளாகப் பெருநகரங்களில் சட்டத்தொழில் செய்தவை. இக்குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் தாமிரபரணிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது.

இரத்தினவேல் பாண்டியன் 2018 பெப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார். அவருக்கு வயது 88. அப்போது உயர் நீதிமன்றத்தில் பணியில் இருந்த சுப்பையா 2021 இல் ஓய்வு பெற்றார்.